பிஸ்கட் டின்னில் இருந்தவர்

தெருவே அவளை லாரிக்காரம்மா என்று கூப்பிட்டது, லாரி வைத்திருந்தவரின் மனைவி என்பதற்காக மட்டும் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் நிஜமாகவே லாரியில்தான் குடித்தனம் செய்தாள். கிளீனராக இருந்த ஆள் ஒரு நாள் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவன் திரும்பி வரவே இல்லை. லோடு ஏற்றியாகிவிட்டது, வண்டி கிளம்பியாக வேண்டும். "ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் வரேன்" என்று கணவரின் பழைய காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஏறினாள். மூத்தவன் வயிற்றில் வந்த பிறகுதான் இறங்கினாள். அத்தனை வருஷமும் ஒரு ஆள் கூடவா கிடைக்கவில்லை என்று யாராவது கேட்டால், "தேடினாத்தானே கிடைக்கும்" என்பாள்.

பேச்சுத்துணைக்குப் போனவள் என்று நினைத்துவிட வேண்டாம். மேட்டில் வண்டி இழுக்க முடியாமல் நின்றால் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாள். தார்ப்பாய்க் கயிற்றைக் காலால் உதைத்து இறுக்கிக் கட்டுவாள். இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்து, எதில் காற்று குறைச்சல் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பலகையைத் தட்டித் தட்டி "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் வாய்க்குப் பயந்தே குடோன்களில் தன் வண்டிக்கு முதலில் லோடு இறக்குகிறார்கள் என்று கணவர் பெருமையடித்துக்கொள்வார்.

ஒரே ஒரு தடவைதான் கை தவறியது. கொட்டுகிற மழையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அழுத்திப் பிடித்திருந்த ஜாக்கிக் கம்பி கிரீஸில் வழுக்கி எகிறி அவர் இடது புருவத்தில் அடித்தது. எலும்பு தெரிந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான் ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். காயம் ஆறியது, வெட்டு விழுந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை. புருவம் இரண்டு துண்டாகவே நின்றுவிட்டது. யார் கேட்டாலும், "என் பொண்டாட்டி போட்ட கையெழுத்து" என்பார். சொல்லிவிட்டு அவளைப் பார்ப்பார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் படம் எடுத்துக்கொள்வது. புதிதாக ஓர் ஊரில் லோடு இறக்கினால் அங்கே ஒரு படம் எடுத்தாக வேண்டும். பாலம், அருவி, கலங்கரை விளக்கம், மணிக்கூண்டு, எது இருக்கிறதோ அதன் முன்னால் லாரியைக் கொண்டு போய் நிறுத்துவார். கழுத்தில் கேமராவோடு அலைகிற போட்டோக்காரர் யாராவது இருப்பார். முகத்தை நேராக வைக்கச் சொல்லி அந்த மனிதர் கெஞ்சினாலும் இவர் இடது பக்கத்தைத்தான் காட்டுவார். வெட்டு தெரிய வேண்டுமாம். அவள் படத்தின் பின்னால் ஊர்ப் பெயரை எழுத மாட்டாள், லோடைத்தான் எழுதுவாள். வெங்காயம். சிமெண்ட். கண்ணாடி. அவளுக்கு ஊர் ஞாபகம் வருவதே லோடை வைத்துத்தான்.

பிள்ளைகள் பிறந்த பிறகு அவர் மட்டும் ஓடினார். வீடு என்பது லாரி ஷெட்டுக்கு மேலே கட்டிய இரண்டு அறை. அவள் பிள்ளைகளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த படத்தை அவர் ஸ்டீரிங்குக்கு மேலே ஒட்டிக்கொள்வார். அவர் ஊர் ஊராக எடுத்துக்கொண்டு வரும் படங்களை அவள் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். வீட்டுப் படம் ஊர் சுற்றியது, ஊர்ப் படம் வீட்டில் கிடந்தது. பிள்ளைகளுக்கு அப்பா என்றால் மாதத்தில் இரண்டு நாள் குறட்டை விட்டுத் தூங்குகிற ஆள், மற்ற நாளெல்லாம் டின்னுக்குள் இருக்கிற ஆள். மூத்தவன் விடுதியில் தங்கி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சின்னவள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே, ஒரு நாள் வண்டியை ஷெட்டில் விட்டு மாடியேறி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கடைசியாக அவரைக் கொண்டுபோகும்போது அவருடைய லைசென்ஸை அவளே அவர் சட்டைப் பையில் வைத்தாள். "லைசென்ஸ் இல்லாம கிளம்பி எங்கயாவது மாட்டிக்கப் போறாரு" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் இருந்த அட்டை வேறு எதுவும் வீட்டில் இல்லை. சுவரில் ஒரு பெரிய படம், டின்னில் மற்ற படங்கள், அவ்வளவுதான் மிச்சம். வேறு டிரைவர் வைத்து அதே வண்டியை ஓட்டி இரண்டு பேரையும் படிக்க வைத்து, கரை சேர்த்து, பிறகுதான் வண்டியை விற்றாள். ஷெட்டில் எண்ணெய்க் கறை மட்டும் தங்கிவிட்டது. அதைத் தேய்த்துக் கழுவ வந்தவர்களை அவள் வாயாலேயே விரட்டினாள்.

இப்போது அவளுக்கு வயதாகிவிட்டது. ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகி, புகை ஜன்னல் வழியே போய், அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவை இடித்த பிறகுதான் விழித்தாள். விஷயம் மூத்தவன் காதுக்குப் போனது. அவன் பெரிய கம்பெனியில் மேனேஜர். கூட்டம் நடத்தியே பழகியவன், வீட்டிலும் கூட்டம்தான் நடத்துவான். வந்து உட்கார்ந்து விரலை மடக்கினான்.

"முதல் விஷயம், அடுப்பு. ரெண்டாவது, கூரை ஒழுகுது. மூணாவது, மாடிப்படி. நாலாவது…"

"நாலாவது நான் இன்னும் சாகல. அதையும் எழுதிக்கோ" என்றாள்.

சின்னவள் இடையில் புகுந்து சமாதானம் பண்ணினாள். கூரை ஒழுகியதென்னவோ உண்மை. அலமாரி நனைந்து பிஸ்கட் டின்னுக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பூஞ்சை பூத்திருந்தன. அதைப் பார்த்து அவள் முகம் சுருங்கியதும் மூத்தவனுக்கு மனசு கேட்கவில்லை. "குடும்மா, நான் சரி பண்ணிக் கொண்டு வரேன். இப்பல்லாம் இதுக்கு ஆப் இருக்கு, அழிஞ்ச எடத்தையெல்லாம் அதுவே நிரப்பிடும்" என்று டின்னை வாங்கிக்கொண்டான். போகிற போக்கில் சுவரில் இருந்த பெரிய படத்தையும் கழற்றிக்கொண்டு போனான். பெற்ற மகன்தானே என்று கொடுத்தாள். அந்த ஒரு காரியத்தில்தான் அவள் புத்தி மழுங்கிப்போனது என்பேன் நான், வேறு எதிலும் இல்லை.

சில வாரம் கழித்து இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். பளபளவென்று ஒரு ஆல்பம். வழுவழுப்பான தாள், தடித்த அட்டை. அவளை நடுவில் உட்கார வைத்து மடியில் வைத்தார்கள். மூத்தவன் அவள் முகத்தைப் படம் பிடிக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி. லாரிக்குப் பக்கத்தில் ஒருவன். சவர பிளேடு விளம்பரத்தில் வருகிறவன் மாதிரி வழுவழு கன்னம், வரிசைப் பல், மையால் எழுதின மாதிரி இரண்டு முழுப் புருவம்.

"யாருடா இது?"

"அம்மா! அப்பாம்மா!" என்று சின்னவள் சிரித்தாள்.

"உங்கப்பா இல்ல இது."

"நல்லாப் பாரும்மா."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். அருவி, மணிக்கூண்டு, கலங்கரை விளக்கம். எல்லா இடத்திலும் அவனே நின்றான். சில படங்களில் அவன் பக்கத்தில் ஒரு பெண், சிவந்த உதடும் மெழுகு பொம்மைக் கன்னமுமாக.

"இந்தப் பொம்பள யாரு? உங்கப்பா எனக்குத் தெரியாம இவளக் கூட்டிட்டா ஊர் சுத்தினாரு?"

கிண்டலாகத்தான் சொன்னாள். அவள் பேச்சே அப்படித்தான் என்று அந்த இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் பால் பாத்திரம் கரியான பிறகு அவள் கிண்டல் கிண்டலாக யார் காதிலும் விழவில்லை. அண்ணன் தங்கையைப் பார்த்தான், தங்கை அண்ணனைப் பார்த்தாள். மூத்தவன் போனை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"அம்மா, அது நீதான்மா."

"கிரீஸ் கையோட நின்னவளுக்கு உதட்டுச் சாயம் எங்கடா வந்துச்சு? என் படமெல்லாம் எங்க? என் டின் எங்க?"

"அதெல்லாம் பூஞ்சைம்மா. வீட்ல வெச்சிருந்தா எல்லாருக்கும் இருமல் வருது. தூக்கிப் போட்டாச்சு. அதான் இது இருக்கே, பளிச்சுன்னு…"

அவள் ஆல்பத்தைத் தூக்கி அடித்தாள். அது மூத்தவன் தோளில் பட்டு ஜன்னல் ஓரத்தில் விழுந்தது. அவள் கத்திய கத்தலில் தெருவில் ஆள் கூடியது. புருவத்து வெட்டை நூறு தடவை சொன்னாள். "ஏதோ சின்னக் கீறல் இருந்துச்சுன்னு சொல்லுவே. அது படத்துல தெரியவா போகுது?" என்றான் அவன். அவன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அந்தப் புது முகத்தைப் போனின் முகப்பில் வைத்து, தினம் காலையில் பார்த்துப் பார்த்து, அவனுக்கு அப்பா என்றால் இப்போது அந்த ஆள்தான். அப்பாவின் மடியில் உட்கார்ந்த ஞாபகத்தில்கூட அந்த விளம்பர ஆள்தான் உட்கார்ந்திருப்பான்.

பெற்ற பிள்ளைகளை அடையாளம் தெரிகிறது, கட்டினவரைத் தெரியவில்லை, தன்னையே தெரியவில்லை, பொருளைத் தூக்கி எறிகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். போன வேகத்தில் மூத்தவன் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஞாபகம் தப்பியவர்களுக்கென்று அங்கே தனிக் கட்டடமாம். தோட்டமாம். வெளியே பூட்டுகிற கதவாம். கதவைப் பற்றி அவன் சொல்லவில்லை, சின்னவள் வாய் தவறிச் சொன்னாள்.

"நான் இந்த வீட்ட விட்டு வரமாட்டேன்" என்றாள் லாரிக்காரம்மா.

"சரி, டாக்டர்கிட்ட போவோம். உனக்கு ஒண்ணும் இல்லைன்னு அவர் சொல்லிட்டா நாங்க இனிமே வாயே திறக்க மாட்டோம். நீ பாட்டுக்கு இங்கயே இரு. சொல்லலைன்னா, நாங்க சொல்றபடி கேக்கணும்" என்றான் மூத்தவன்.

"எழுதி வேணா தரேன்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் நல்ல மனிதர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். என்ன கிழமை என்று கேட்டதற்கு, "உங்க பின்னாடி காலண்டர் தொங்குது. பாத்துச் சொல்லவா, பாக்காமச் சொல்லவா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். கணக்குக் கேட்டார், சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளோடு வரைந்தாள். மூத்தவன் ஆல்பத்தை எடுத்து வைத்தான்.

"இது யாரும்மா?" என்றார் டாக்டர்.

"என் வீட்டுக்காரர்னு இவங்க சொல்றாங்க. இல்ல சார். இவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவருக்கு இடது புருவம் ரெண்டாப் பொளந்திருக்கும். நான்தான் பொளந்தேன். படத்தை இவன் மாத்திட்டான்."

டாக்டர் மூத்தவனைப் பார்த்தார். "மாத்தினீங்களா?"

"மாத்தலாம் இல்ல சார். பழசாப் போனதை கிளியர் பண்ணினோம். அவ்வளவுதான்."

டாக்டர் எதையோ எழுதினார். மற்றதெல்லாம் சரியாக இருந்து முகம் மட்டும் மறந்துபோவதுண்டு என்றார். பழகியவர்களைப் பார்த்தே இது வேறு யாரோ என்று அடித்துச் சொல்வார்களாம். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை கூட்டிவரச் சொன்னார். "அப்ப இந்தப் படங்களோட, அவங்களுக்குத் தெரியாத ஆளுங்க படமும் ஒண்ணு ரெண்டு கொண்டு வாங்க. கலந்து காட்டுவோம். அதுலயும் தடுமாறினா அப்புறம் தனியா விட முடியாது." அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள்.

அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. சாட்சி தேடினாள். லாரியைக் காலமெல்லாம் பழுது பார்த்த மெக்கானிக் ஒருவர்தான் மிச்சம். ஆல்பத்தைக் கையில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். தனியாக விடக்கூடாதென்று சின்னவளும் கூடவே வந்தாள். பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் மெக்கானிக்.

"வாங்க அண்ணி! அட, அண்ணனா இது? ராஜா மாதிரி இல்ல நிக்கிறாரு!"

"கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாரு."

துடைத்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆள் அண்ணன்தான். ஆனா வண்டி நம்ம வண்டி இல்லையே."

"என்ன சொல்ற?"

"முன் பம்பர்ல ஒரு நெளிவு இருக்குமே. நான் தட்டித் தட்டிப் பாத்து முடியாம விட்டது. இதுல பொம்மை வண்டி கணக்கா மழமழன்னு இருக்கு. நம்ம வண்டி இது இல்ல, சத்தியமாச் சொல்வேன்."

"அப்ப மூஞ்சி?"

"மூஞ்சிய யாரு அண்ணி பாத்தா? நான் எப்பவும் வண்டிக்கு அடியில இல்ல படுத்துக் கிடந்தேன்" என்று சிரித்தார்.

லாரிக்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. திரும்பும்போது பஸ்ஸில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாடி? பம்பர் நெளிவையே நிமித்தினவன் புருவத்தை மட்டும் விட்டு வெச்சிருப்பானா? உங்கண்ணன்கிட்ட சொல்லு."

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அம்மாவுக்கும் தெரிந்தது. "சொல்றேன்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் நின்று அண்ணனிடம் போனில் பேசினாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசினாள். ஆனால் டயர் சத்தத்தில் காற்றைக் கண்டுபிடித்தவளுக்குக் குழாய்ச் சத்தம் எம்மாத்திரம்?

"இல்லண்ணா. அவரும் பாத்துட்டு அப்பாதான்னு சொல்லிட்டாரு. ம். அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. பாவமா இருக்கு."

லாரிக்காரம்மா கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகள் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சின்னவள் வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. வேலைக்கும் போக வேண்டும். இங்கே கூரை ஒழுகினாலும், அடுப்பு புகைந்தாலும் ஓடி வருவது அவள்தான். அண்ணன் போனில் விரல் மடக்குவதோடு சரி. அம்மாவை ஒரு நல்ல இடத்தில் விட்டுவிட்டால் அவள் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரே ஒரு பொய், அதையும் அவள் முழுசாகச் சொல்லவில்லை, பாதியை மென்று விழுங்கினாள், அவ்வளவுதானே. நியாயம்தான். பெற்றவளை வெளியே பூட்டுகிற கதவுக்குள் தள்ளுவதற்கு இதைவிட நியாயமான காரணம் வேறு யாருக்கும் கிடைக்காது.

உண்மையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாலத்து முன்னால் நிற்கிறவரா, என் வீட்டுக்காரர். அருவிப் பக்கம் நிற்பதா, நானும் அவரும். லைசென்ஸ் எடுக்கப் போகிறவள் சைகைப் பலகைகளை மனப்பாடம் செய்கிற மாதிரி ஒவ்வொரு படத்தையும் பாடம் பண்ணினாள். "வேற வழியில்ல, இனிமே நீதான்" என்று அந்த விளம்பர மூஞ்சியிடம் சொன்னாள். அவன் வரிசைப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். கீழே ஷெட்டில் எண்ணெய்க் கறை இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு படித்தாள்.

திரும்பவும் டாக்டரிடம் போன நாள் வந்தது. வெளியே காத்திருக்கும்போது மூத்தவன் தங்கையிடம் குனிந்து சொல்வது காதில் விழுந்தது. "தெரியாத ஆளு படம் கேட்டாரே, ஆபீஸ் பழைய படம் ஒண்ணு எடுத்தேன். இன்னொண்ணு, அந்த டின்னைத் தூக்கிப் போடறப்ப அடியில ஒட்டிக்கிட்டு இருந்ததைப் பிச்சு வெச்சிருந்தேன். ஆப்ல போட்டேன், முகமே கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுச்சு. பழைய கால டிரைவர் யாரோ போல. ஆகட்டும்னு எடுத்துட்டு வந்தேன்." டின் என்ற சொல்லில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். "அம்மா, ஒவ்வொண்ணாக் காட்டுவேன். தெரிஞ்சவங்கன்னா யாருன்னு சொல்லுங்க. நடுவுல உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆளும் வருவாங்க. தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லணும். ஊகம் பண்ணக்கூடாது."

பாலம். "என் வீட்டுக்காரர்." மணிக்கூண்டு. "அவரேதான்." அருவி. "நானும் அவரும். சின்ன வயசுல." மூத்தவன் மூச்சை விடுவது கேட்டது. ஒரு கோட்டுப் போட்ட ஆசாமி. "தெரியல சார்." டாக்டர் தலையாட்டினார். கலங்கரை விளக்கம். "என் வீட்டுக்காரர்." பொய் சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிட்டது.

கடைசியாக ஒரு சின்னப் படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஓரமெல்லாம் துரு. படத்தில் முக்கால்வாசியைப் பூஞ்சை தின்றிருந்தது. மிஞ்சியது பாதி முகம், ஒரு இடது கண், அதற்கு மேலே இரண்டு துண்டாக நிற்கும் புருவம், பாதிச் சிரிப்பு. புருவத்துக் கட்டு பிரித்த அன்று எடுத்தது. கண்ணாடி லோடு. கட்டு பிரித்த கையோடு முதல் வேலையாக போட்டோக்காரரைத் தேடிப் பிடித்தார் அவர். "கையெழுத்துப் போட்டவளும் நில்லு" என்று அவளையும் இழுத்து நிறுத்தினார். அவளைப் பூஞ்சை முழுசாகத் தின்றுவிட்டது. அவர் தோளில் வைத்த கை மட்டும் இருந்தது, நகத்தில் கிரீஸோடு.

எத்தனை நாளாகத் தேடிய முகம். கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. என்ன ஊர், என்ன மழை என்று ஒரு மூச்சு சொல்லியிருப்பாள். ஆனால் இவர்தான் அவர் என்றால் இத்தனை நேரம் சொன்னதெல்லாம் யார்? யாரோ ஒரு டிரைவரைக் காட்டிப் புருஷன் என்கிறாள் என்று எழுதுவார்கள். எழுதினால் கதவை வெளியே பூட்டுவார்கள். புருவத்தைச் சொல்லிப் போன தடவையே பார்த்தாகிவிட்டது. பக்கத்தில் சின்னவள் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். அவள் கண் அந்தப் புருவத்தில் நின்றது. இப்போதாவது வாயைத் திறப்பாளா என்று லாரிக்காரம்மா காத்திருந்தாள். சின்னவள் மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லுங்கம்மா. யாரு இது?"

"தெரியல சார்."

"நல்லாப் பாருங்க. அவசரமில்ல."

"தெரியலைன்னா தெரியலதான் சார். எவனோ டிரைவர் போல இருக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். முகமெல்லாம் சிரிப்பு. "உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. போன தடவை பதட்டத்துல சொல்லியிருக்காங்க. அடுப்புக்கு மட்டும் தானா அணையற மாதிரி ஏதாவது பாருங்க. வீட்டுலயே இருக்கட்டும்." மூத்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு அம்மா என்றால் உயிர்.

எழுந்திருக்கிற சாக்கில் அவள் மேஜையில் கையை ஊன்றினாள். ஊன்றிய கை அந்தப் படத்தின் பக்கம் நகர்ந்தது. விரல் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

"ஐயோ, அதைத் தொடாதம்மா, பூஞ்சை" என்று மூத்தவன் ஒரு காகிதக் கைக்குட்டையால் படத்தின் மூலையைப் பிடித்துத் தூக்கினான். குப்பைக் கூடையைக் காலால் மிதித்தான், மூடி திறந்தது, போட்டான், காலை எடுத்தான், மூடிக்கொண்டது. மேஜையில் இருந்த மருந்துத் தண்ணீரை அவள் உள்ளங்கையில் பிழிந்து, "நல்லாத் தேய்ச்சுக்கோம்மா" என்றான். தேய்த்துக்கொண்டாள். துரு போகும்வரை தேய்க்கச் சொன்னான், அதையும் செய்தாள்.

அன்றைக்கே அவன் சுவரில் பெரிய படத்தை மாட்டினான். புதுச் சட்டம், புதுக் கண்ணாடி, முழுப் புருவம். ஸ்டூலிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்து, "எப்படி இருக்காரு அப்பா?" என்று கேட்டான். "நல்லா இருக்காரு" என்றாள். சொன்ன சொல் தவறாமல் அவன் வீட்டைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. கூரையைக்கூடச் சரி பண்ணிக் கொடுத்தான். அவள் ஜெயித்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளோ அந்த அறையில் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தாள். யாராவது வந்தால் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள்.

சின்னவள் கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"அம்மா. சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"அம்மா… அப்பாவுக்குப் புருவத்துல வெட்டு இருந்துச்சுல்ல? எந்தப் புருவம்மா? எனக்குச் சரியா ஞாபகம் வரல. இடதா, வலதா?"

லாரிக்காரம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மகள் அழுதுகொண்டுதான் கேட்கிறாள், அது அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் அண்ணன் இருந்தாலும் இருப்பான். டாக்டர் கேட்கச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார். அழுதுகொண்டே பரீட்சை வைக்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

"எந்த வெட்டு?" என்றாள்.

"அம்மா, நீ போட்ட…"

"உங்கப்பாவுக்கு வெட்டெல்லாம் ஒண்ணும் இல்லையேடி. படத்துலதான் பாக்கறியே."

அம்மாவுக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா, இல்லை பொய் சொல்கிறாளா என்று மகளுக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அது அவள் பண்ணியதுதான். "சரிம்மா, வெச்சிடறேன்" என்றாள் கடைசியில்.

லாரிக்காரம்மா போனைக் கட்டிலில் வைத்தாள். அணைந்துவிட்டதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான், "இடதுடி, இடது" என்றாள், உதடு மட்டும் அசைய, சத்தம் வெளியே வராமல்.